முன்வரிசை வெளுக்குது, பின்வரிசை கறுக்குது: மண்டபத்தில் குரூப் போட்டோவுக்கு லைட் வைப்பது

நீங்கள் கேட்டது இது: கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, அடுத்த மாதம் அம்மாப்பேட்டையில் சித்தப்பா மகள் கல்யாணம், குரூப் போட்டோவுக்கு எந்த ஃபிளாஷ் வாங்கலாம்? கூடவே போன கல்யாணத்தில் எடுத்த படம் எப்படி வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் வேட்டி மடிப்பே தெரியாமல் வெளுத்துவிட்டது, மூன்றாம் வரிசையில் நின்ற மாமாக்கள் முகம் இருட்டு, போதாக்குறைக்கு அவர்கள் ஃபோகஸிலும் இல்லை. இதைப் படித்தால் உங்கள் கேள்வி கடையில் முடிகிற கேள்வியாகத் தெரியவில்லை. ஒரே லைட்டில் முன்னால் இருப்பவர் ஏன் வெளுக்கிறார், பின்னால் இருப்பவர் ஏன் கறுக்கிறார் என்பதுதான் விஷயம். இருக்கிற ஃபிளாஷை விடப் பெரியதை வாங்கி அதே இடத்தில் வைத்து அடித்தால் தாத்தாவின் வேட்டி இன்னும் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான்.

நான் சேலத்தில் 20 வருஷத்துக்கு மேலாகக் கல்யாணம் எடுக்கிறேன். ஆரம்பித்தது லைட் பாயாக. 1000 வாட் ஹாலஜனைக் கையில் தூக்கிக்கொண்டு வீடியோக்காரர் பின்னால் ஓடவேண்டும், ஒயர் யார் காலிலும் சிக்கக் கூடாது, பொண்ணு முகத்தில் வேர்வை வழிந்தால் திட்டு எனக்கு விழும். என்னைச் சேர்த்துக்கொண்ட மாஸ்டர், தன் அப்பா ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் லைட் தூக்கியவர் என்று பெருமையாகச் சொல்வார். இன்று அங்கே அந்த ஸ்டுடியோவின் வாசல் வளைவு மட்டும்தான் நிற்கிறது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மொத்தமே ஒரு வரி: "கிட்டப் போகாதேடா, பின்னாடி வந்து மேல தூக்கு." ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்று புரிந்தது.

கணக்கு இதுதான், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. லைட்டிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். இப்போது உங்கள் படத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிளாஷ் தாத்தாவிடமிருந்து 6 அடியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு வரிசை 2 அடி என்றால் மூன்றாம் வரிசை 10 அடியில் நிற்கிறது. தாத்தாவுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மாமாக்களுக்குப் போய்ச் சேரும், ஒன்றரை ஸ்டாப் இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அதே ஃபிளாஷைப் பின்னால் இழுத்து 14 அடியில் வையுங்கள். மூன்றாம் வரிசை 18 அடிக்குப் போகிறது, ஆனால் இப்போது அவர்களுக்கு 60 சதவீதம் கிடைக்கிறது. முக்கால் ஸ்டாப் வித்தியாசம் கண்ணுக்கு உறுத்தாது, கேமராவின் ரா (RAW) ஃபைலாக எடுத்தால் பின்வரிசையைக் கொஞ்சம் ஏற்றினால் முடிந்தது. வரிசைகள் நகரவில்லை, ஃபிளாஷும் அதேதான். தூரம் மட்டும் மாறியது.

உடனே அடுத்த பயம் வரும், அவ்வளவு தூரத்துக்கு என் சின்ன ஃபிளாஷ் தாங்குமா என்று. தாங்கும். ஃபிலிம் காலத்தில் 100 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) ரோல் போட்டுக்கொண்டு எடுத்தபோது இது நியாயமான பயம். இன்று ஐஎஸ்ஓவை 800க்குத் தூக்கினால் அதே ஃபிளாஷ் எட்டு மடங்கு சக்தியுள்ளது போல நடந்துகொள்ளும், எட்டும் தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். 35 மி.மீ. ஜூமில் கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 36 உள்ள சாதாரண ஃபிளாஷை, வெளிச்சத்தை மென்மையாக்கும் போட்டோக் குடைக்குள் அடித்தால் இரண்டு ஸ்டாப் வரை குடையே தின்றுவிடும். அப்படியும் 800 ஐஎஸ்ஓ, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, 14 அடி என்றால் கால் பவர் போதும். கால் பவரில் அடிக்கும்போது அடுத்த அடிக்குச் சட்டென்று தயாராகிவிடும், பேட்டரியும் ரிசப்ஷன் முடியும்வரை வரும். பெட்டியில் பெரிதாக 60 என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள், அது பெரும்பாலும் 200 மி.மீ. ஜூமில் வெளிச்சத்தைக் குறுக்கி அளந்த எண். குரூப் போட்டோவில் அப்படிக் குறுக்கி அடிக்க முடியாது.

எங்கே வைப்பது? ஒரு ஆளை எடுக்கச் சொல்லித்தரும்போது 45 டிகிரி பக்கவாட்டில் வை என்பார்கள். முகத்துக்கு அது அழகு, ஆனால் 15 பேர் நிற்கிற குரூப்புக்கு அதைச் செய்தால் ஒரு ஓரத்து அத்தை முகம் பளீரென்றும் மறு ஓரத்து அத்தை மங்கலாகவும் வருவார்கள், தவிர ஒருவர் தலை நிழல் பக்கத்திலிருப்பவர் கன்னத்தில் விழும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக லைட் கேமராவை நோக்கி நெருங்கி வரவேண்டும். நான் இரண்டு குடையைக் கேமராவுக்கு இரண்டு பக்கமும் நாலைந்து அடி தள்ளி, உயரமாக வைக்கிறேன். இடது குடையை வலது ஓரத்தைப் பார்த்தும் வலது குடையை இடது ஓரத்தைப் பார்த்தும் திருப்பிவிடுவேன், அப்போது கிட்ட இருப்பவருக்கு ஓர வெளிச்சமும் எட்ட இருப்பவருக்கு நடு வெளிச்சமும் போகும். அதே மாதிரி குடையின் நடுப்பகுதி பார்க்கவேண்டியது பின்வரிசைத் தலைகளை. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால்தான் லைட்டுக்கு எல்லாவற்றையும் விடக் கிட்ட இருக்கிறது, அதுவும் வெள்ளை வேட்டிக்குள். குடையைக் கொஞ்சம் நிமிர்த்தினாலே அந்த வெளுப்பு பாதி போய்விடும். இரண்டு குடையும் சம பவரில் இருக்கவேண்டுமா, ஒன்று கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டுமா என்பது ருசி. எனக்கு ஒரு பக்கம் அரை ஸ்டாப் குறைவாக இருந்தால் முகம் தட்டையாகாமல் வருகிறது என்று தோன்றும், என் தம்பி சமமாகத்தான் வைக்கிறான், அவன் படமும் நன்றாகத்தான் இருக்கிறது.

புத்தகத்தில் வராத ஒரு தொல்லை நம் மண்டபங்களில் உண்டு. மேடை 3 அடி உயரம். குடையைக் கீழே ஹாலில் வைத்தால், மேடையில் நிற்பவர் முகம் தரையிலிருந்து எட்டரை அடியில் இருக்கிறது. சாதாரண ஸ்டாண்டு முழுக்க இழுத்தாலும் 8, 9 அடி. ஆக நீங்கள் உயரத்தில் வைத்ததாக நினைத்த லைட் முகத்துக்கு நேரே அடிக்கிறது, உட்கார்ந்திருப்பவரின் நிழல் பின்னால் நிற்பவர் மேல் ஏறுகிறது. 12, 13 அடி போகிற ஸ்டாண்டு வேண்டும், அல்லது மேடை விளிம்பிலேயே ஸ்டாண்டை வைக்கவேண்டும். விளிம்பில் வைத்தால் தூரம் 10 அடிக்குச் சுருங்கும், பின்வரிசைக்குப் பாதி வெளிச்சம்தான் போகும். இடத்தைப் பார்த்து எது குறைந்த தீமையோ அதை எடுத்துக்கொள்வேன். கேமராவுக்கும் இதே கதைதான், கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் மூக்குத்துவாரமும் வேட்டியும்தான் பெரிதாகத் தெரியும். ஸ்டூல் மேல் ஏறிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் காலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டிவிடுங்கள், சமையல்கட்டில் கேட்டால் தருவார்கள், மண்டபத்தில் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஸ்டாண்டு என்றால் தூண்.

சீலிங்கில் பவுன்ஸ் அடிக்கலாமே (ஃபிளாஷை மேலே திருப்பி, பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் எடுப்பது) என்று சிலர் சொல்லியிருக்கலாம். சீலிங் வெள்ளையாக, 10, 12 அடியில் இருந்தால் அருமையான வழி, வீட்டில் நிச்சயதார்த்தம் எடுக்கும்போது நான் அதைத்தான் செய்கிறேன். ஐந்து ரோடு பக்கம், சூரமங்கலம் பக்கம் இருக்கிற பெரிய மண்டபங்களில் சீலிங் 20 அடிக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் துணி கட்டியிருப்பார்கள். ரோஸ் துணியில் அடித்தால் வருகிற வெளிச்சமும் ரோஸ். ஒருமுறை ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவில் கல்யாணம், மேலே மரப்பலகை சீலிங், பார்க்க அவ்வளவு அழகு. யோசிக்காமல் மேலே அடித்து 60, 70 படம் எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லார் முகத்திலும் மஞ்சள் பூசி வெயிலில் காயவைத்த மாதிரி ஒரு பழுப்பு, கண்குழிகள் இருட்டு. பழுப்பை ஓரளவு சரிசெய்யலாம், கண்குழியை ஒன்றும் செய்ய முடியாது. அன்றிலிருந்து குடை மறந்து மலை ஏறியதில்லை. குடை இல்லாத அவசரத்துக்குப் புது வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு பேர் விரித்துப் பிடிக்க, ஃபிளாஷை அதில் அடித்தும் எடுத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் வேட்டிக்கா பஞ்சம்?

வேட்டி என்றதும் டிடிஎல் ஞாபகம் வருகிறது, ஃபிளாஷ் எவ்வளவு அடிக்கவேண்டும் என்று கேமராவே அளந்து முடிவுசெய்கிற முறை. ஃபிளாஷைத் தானியங்கியில் விட்டால், சட்டகத்தில் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தர சாம்பல் நிறம் என்ற கணக்கில்தான் அது வெளிச்சத்தைத் தீர்மானிக்கும். பங்காளிகள் எட்டுப் பேர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றால் "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும், முகங்கள் கறுத்துவிடும். அடுத்து அரக்குப் பட்டில் பெண்கள் கூட்டம் வந்தால் தூக்கிவிடும், முகங்கள் வெளுக்கும். இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சமாளிக்கின்றன, இருந்தாலும் படத்துக்குப் படம் ஏறி இறங்கும். மேடையில் லைட்டும் நகரப்போவதில்லை, சோபாவும் நகரப்போவதில்லை, அப்புறம் எதற்குத் தானியங்கி? மேனுவலில் ஒருமுறை சரிசெய்துவிட்டு விட்டுவிடுங்கள், மொய்க் கவரோடு வரிசையில் நிற்கிற 300 குடும்பத்துக்கும் ஒரே அளவு செல்லும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். பழைய ஃபிளாஷை ட்ரிக்கர் (கேமராவிலிருந்து ஃபிளாஷை அடிக்கவைக்கிற கருவி) இல்லாமல், வேறொரு ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்து அடிக்கிற ஸ்லேவ் முறையில் வைத்தால், படத்துக்கு முன்பே அளவு பார்க்க டிடிஎல் விடுகிற முன்னோட்ட மின்னலுக்கே அது அடித்துத் தீர்ந்துவிடும், படத்தில் வராது. விருந்தாளி யாராவது ஃபிளாஷோடு கேமரா கொண்டுவந்தால் அதற்கும் அடிக்கும். ரேடியோ ட்ரிக்கர் ஒரு ஜோடி வாங்கிவிடுவது நிம்மதி.

மேடையில் நம்மைத் தவிர இன்னும் இரண்டு பேர் லைட் வைத்திருப்பார்கள், டெக்கரேஷன்காரரும் வீடியோக்காரரும். டெக்கரேஷன்காரரின் பார் லைட் (வண்ண மேடை விளக்கு) ஊதாவும் ரோஸுமாகப் பின்னணியில் விழுந்தால் அழகு, அதே வெளிச்சம் ஓரத்தில் நிற்பவர் காதிலும் கழுத்திலும் விழுந்தால் எந்த மென்பொருளாலும் முழுக்க எடுக்க முடியாது. குரூப் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் முகத்தில் விழுகிற லைட்டைத் திருப்பச் சொல்லுங்கள், முன்கூட்டியே சொன்னால் செய்வார்கள். வீடியோக்காரரின் எல்இடி பேனல் 3200 கெல்வினில் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) இருந்தால் மஞ்சள், நம் ஃபிளாஷ் 5500 பக்கம், இரண்டும் கலந்தால் முகத்தில் பாதி ஒரு நிறம், பாதி ஒரு நிறம். அவரை 5600க்கு மாற்றச் சொல்வதுதான் சுலபம். அவரிடம் சண்டை போடாதீர்கள், அன்றைக்கு முழுக்க அவர் உங்கள் பக்கத்தில்தான் நிற்கப்போகிறார். இப்போது பாதிக் கல்யாணத்தில் பின்னால் எல்இடி திரை வேறு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், அதனால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடி அல்லது 1/50இல் வைத்தால் ஹால் வெளிச்சம் சீராக வரும். திரைக்கு அது மட்டும் போதாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் புதுப்பித்துக்கொள்கிறது, படத்தில் குறுக்குக்கோடு வருகிறதா என்று எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். ஷட்டரை 1/200, 1/250க்கு மேலே தூக்கினால் பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் சட்டகத்தின் ஒரு பகுதிக்குப் போகாது, கீழேயோ மேலேயோ கறுப்புப் பட்டை வரும். குரூப் போட்டோவில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை.

மூன்றாம் வரிசை மங்கலானதற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவில் இருப்பது) 13 அடி தூரத்தில் அந்த அளவில் தெளிவாக இருப்பது முன்னும் பின்னும் சேர்த்து மூன்றரை அடி. உங்கள் மூன்று வரிசையே 4 அடி. லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப் 5.6க்குப் போனால் அது ஏழரை அடியாகும், முன்னால் குறைவு, பின்னால் அதிகம், ஆகவே பொண்ணு மாப்பிள்ளை கண்ணில் ஃபோகஸ் வைத்தாலே கடைசி வரிசை உள்ளே வந்துவிடும். பின்னணி மங்கலாக வரவேண்டும் என்ற ஆசையை ஜோடிப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடம் பத்தவில்லை என்று 24 மி.மீ.க்குப் போனால் ஓரத்தில் நிற்பவர் தலை இழுபட்டு உடம்பு விரிந்துவிடும். ஓரத்தில் நிற்பது யாராக இருந்தாலும் படம் பார்க்கிறபோது அது மாப்பிள்ளையின் பெரியம்மாவாகத்தான் இருக்கும், பேச்சு நமக்குத்தான். 35க்குக் கீழே நான் போவதில்லை.

சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பின்னலங்காரத்தோடு ஒட்டிப் போட்டுவிடுவார்கள், பின்வரிசை நிற்க ஒன்றரை அடிதான் இருக்கும், எல்லார் தலை நிழலும் பூ அலங்காரத்தின் மேல் விழும். சோபாவை 4 அடி முன்னால் இழுங்கள். நிழல் தோளுக்குப் பின்னால் கீழே இறங்கிவிடும், கண்ணாடி, ஜிகினா ஒட்டிய பின்னணியாக இருந்தாலும் ஃபிளாஷ் அதில் பொட்டாகத் தெறிப்பது குறையும். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் இதைச் செய்த படத்துக்கும் செய்யாத படத்துக்கும் உள்ள வித்தியாசம் எந்த ஃபிளாஷ் வாங்கினாலும் வராது என்பது என் கட்சி.

கண்ணாடி போட்டவர்கள்: லைட்டை இன்னும் உயர்த்தினாலும் விலக்கினாலும் பிரதிபலிப்பு கீழேயோ பக்கத்திலோ போய்விடும். அப்படியும் போகாவிட்டால் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே அரை விரல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், லென்ஸ் கீழே சாயும், பளபளப்பு மறையும். வைகாசி வெயிலில் நெற்றி மினுங்குவதற்கு லைட்டில் வைத்தியம் பாதிதான், மீதி கைக்குட்டை. கண்மூடுவதற்கு ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 20 பேருக்குக் குறைவான குழுவுக்கு எத்தனை படம் எடுக்கவேண்டும் என்று கணித்துச் சொல்லி 2006இல் இக் நோபல் (சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற வேடிக்கைப் பரிசு) வாங்கினார்கள். நல்ல வெளிச்சத்தில் தலைகளை மூன்றால் வகு, மங்கலில் இரண்டால் வகு. 15 பேர் என்றால் 5 அல்லது 8. கணக்கு சரிதான், ஆனால் கல்யாணத்தில் வரிசை நிற்கும்போது அத்தனை எடுக்க விடமாட்டார்கள். நான் நெருங்கிய சொந்தக் குரூப்புக்கு மட்டும் ஐந்தாறு எடுக்கிறேன், மற்றவர்களுக்கு இரண்டு, அதிலும் இரண்டாவதைச் சொல்லாமல் எடுக்கிறேன், முதல் அடி முடிந்ததும் எல்லாரும் மூச்சு விட்டுச் சிரிக்கிற கணம்தான் நன்றாக இருக்கும்.

நான் சொன்னது அத்தனையும் மூன்று, நான்கு வரிசை, 20, 25 பேர் வரைக்கும் பொருந்தும். ஊரே மேடை ஏறி 80 பேர் நிற்கிற படத்துக்கு இரண்டு சின்னக் குடை போதாது, அதற்குப் பெரிய ஸ்டுடியோ ஃபிளாஷ் வைத்து வேலை செய்தவர்களைத்தான் கேட்கவேண்டும், நான் அப்படிப்பட்ட படங்களைப் பகலில் வாசலுக்கு இறக்கி எடுத்துவிடுகிற ஆள்.

காசு விஷயம். உங்களிடம் இருக்கிற ஃபிளாஷ் போதும், பழையதில் மேனுவல் வைக்கக்கூடிய இன்னொன்று, இரண்டு வெள்ளைக் குடை, உயரமான ஸ்டாண்டு இரண்டு, ட்ரிக்கர், நல்ல ரீசார்ஜ் பேட்டரி எட்டு. பார்த்து வாங்கினால் 15,000க்குள் முடியும், இரண்டாம் ஃபிளாஷ் இரவல் கிடைத்தால் மிச்சமே இருக்கும். கல்யாணம் மலைமேல் என்றால் ஒன்று கூடுதல்: தை மாதத்து விடிகாலை முகூர்த்தத்தில் ஜில்லென்ற அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு கூட்டமும் அடுப்பு ஆவியுமாக இருக்கிற ஹாலுக்குள் நுழைந்தால் லென்ஸில் பனி படிந்துவிடும், துடைக்கத் துடைக்கப் படியும். அரைமணி முன்பே பையோடு ஹாலில் வைத்துவிடுங்கள். அம்மாப்பேட்டையில் அந்தக் கவலை இல்லை, ஏசி காரிலிருந்து இறங்கி நேரே எடுக்காமல் இருந்தால் சரி.

ரிசப்ஷன் ஏழு மணிக்கு என்றால் நாலு மணிக்கே போய்விடுங்கள். டெக்கரேஷன் பையன்கள் பூ கட்டிக்கொண்டிருப்பார்கள். சோபாவை இழுத்துப் போட்டு, ஸ்டாண்டுக் கால்கள் இருக்கிற இடத்தில் டேப் ஒட்டிவிட்டு, அந்தப் பையன்களில் ஆறு பேரை மூன்று வரிசையாக நிறுத்தி எடுத்துப் பாருங்கள். முன்னால் உட்காருகிறவனுக்கு மறக்காமல் ஒரு வெள்ளை வேட்டி கட்டிவிடுங்கள்.